வாடகை வீட்டில் மாவு அரைத்து விற்கிறோம், "பயன்பாட்டு மாற்றம்" என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆனையூர்_மாவு | திங்கள், இரவு 10:15

வணக்கம். மதுரை ஆனையூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தெருவைப் பார்த்த முன்னறையில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். கூடவே இட்லிப் பொடி, பருப்புப் பொடி. நானும் நாத்தனாரும்தான் வேலை. பாக்கெட் கட்ட, ஏனம் கழுவ ஒரு அக்கா வருவார். சாய்க்கிற கிரைண்டர் இரண்டு. விடிகாலை ஐந்து மணிக்குப் போட்டால் ஏழரைக்கு நின்றுவிடும். காலையிலேயே ஒரு பங்கை என் கணவர் பைக்கில் கடைகளுக்குப் போட்டுவிடுவார், மீதியைச் சாயங்காலம் தெருச்சனம் வந்து வாங்கும்.

போன வாரம் ஹவுஸ் ஓனர் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. குடியிருப்புக் கட்டடத்தை அனுமதி பெறாமல் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றியிருக்கிறீர்கள், விளக்கம் தரவும் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளில் எழுதிக் கொடுத்தாராம். அடுத்து ஈ.பி.யிலிருந்து ஒருவர் வந்து மீட்டரைக் குறித்துக்கொண்டு, கிரைண்டரைப் போட்டோ எடுத்துப் போனார். ஓனர் நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்துவிட்டார். "நேர் பண்ணு, இல்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளம்மா" என்கிறார்.

எங்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. உத்யம் சான்றிதழ் இருக்கிறது. இரண்டும் இந்த வீட்டு முகவரிக்கே வாங்கியது. அப்புறமும் எப்படி நோட்டீஸ் வரும்? குடியிருப்புப் பகுதியில் வீட்டில் தொழில் செய்யவே கூடாதா?

ஜிகர்தண்டா | திங்கள், இரவு 10:31

கூடவே கூடாது என்றால் செல்லூரில் பாதித் தெருவைக் காலி பண்ண வேண்டும். ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் காயும் மொட்டை மாடி எல்லாம் மூட வேண்டும். பயப்படாதீர்கள் அக்கா, விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஆடிட்டர்_தம்பி | திங்கள், இரவு 11:02

நோட்டீஸ் எப்படி வரும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உத்யம் என்பது "நான் குறுந்தொழில் செய்கிறேன்" என்று ஆதாரை வைத்து நீங்களே பதிந்துகொள்வது. கட்டணம் கிடையாது, வீட்டை வந்து யாரும் பார்ப்பதில்லை. வங்கிக் கடன், மானியம் என்று போகும்போது அது உதவும். இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்யலாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவும் அப்படித்தான். ஆண்டு விற்றுமுதல் ஒரு வரம்புக்குள் இருந்தால் பதிவு போதும், கட்டணமும் சொற்பம். அதைத் தாண்டினால் உரிமம் எடுக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது தண்ணீர், சுத்தம், ஈ எலி. அந்தத் தெரு குடியிருப்பு மண்டலமா வணிக மண்டலமா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

ஜி.எஸ்.டி. பதிவும் இதே கதை. பொருள் விற்பவர்களுக்கு இங்கே 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, சேவைக்கு 20 லட்சம். சிலர் "ஜி.எஸ்.டி.யிலேயே வீட்டு முகவரியை ஏற்றுக்கொண்டார்கள்" என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதுவார்கள். எழுதிப் பிரயோசனம் இல்லை.

பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த மாதம், முழு முகவரி, புகாருக்குத் தொலைபேசி எண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு மனு வந்துவிட்டால் எல்லாத் துறையும் வரிசையாக வரும். பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தில் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தொழிலாளர் துறையில் கேளுங்கள்.

பழைய_வரைவாளர் | செவ்வாய், காலை 6:48

நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தே பல வருஷம் ஓட்டியவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் என்று இருந்தால் ஒரு வழி. தொழில் உரிமம் எடுக்கவில்லை என்று இருந்தால் வேறு வழி. சொத்து வரியை வீட்டு விகிதத்தில் கட்டுகிறீர்கள் என்று இருந்தால் அது மூன்றாவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலாவது மாதிரி இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் "வளர்ச்சி" என்பதற்குள் கட்டடம் கட்டுவது மட்டும் வரவில்லை. இருக்கிற கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றினாலும் அதுவும் வளர்ச்சிதான், அதற்கும் அனுமதி வேண்டும். செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லையே என்று பலரும் கேட்பார்கள். செங்கல் வைக்கத் தேவையில்லை. வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் பட்டறை ஓடினால் போதும்.

கேள்வி எல்லாம் "பெரிய அளவில்" என்பதில்தான் இருக்கிறது. வீட்டில் குடியிருக்கும் டாக்டரோ வக்கீலோ ஆடிட்டரோ முன்னறையில் உட்கார்ந்து ஆள் பார்ப்பதை விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. பால், மளிகை விற்கிற பெட்டிக்கடை, ஒருவர் மட்டும் உட்கார்ந்து தைக்கிற தையற்கடை ஆகியவையும் குடியிருப்புப் பகுதிக்கு ஆகாதவை அல்ல. இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: தொழில் செய்பவர் அங்கேயே குடியிருக்கிறார், தொழில் வீட்டுக்கு அடங்கி நடக்கிறது, வருகிற சனம் அந்தத் தெருச்சனம். இட்லி மாவை அந்தத் தெருவுக்கு விற்பது இதற்குள் அடங்கும் என்று வாதாட இடம் இருக்கிறது. மோட்டார் வைத்து அரைத்து, வெளி ஆள் வைத்து, பைக்கில் கடை கடையாகப் போடுவது உற்பத்தித் தொழில். அங்கேதான் உங்கள் வழக்கு பலவீனம்.

அடுத்தது மண்டலம். முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் உங்கள் புல எண் (சர்வே நம்பர்) எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடியிருப்பு என்பதிலேயே முதன்மை, கலப்பு என்று இரண்டு வகை வருவதுண்டு. கலப்பில் சிறு மோட்டார் தொழில்களுக்குக் கொஞ்சம் தாராளம். வீட்டுக்கு எதிரே ஹார்டுவேர் கடை இருக்கிறது, மெயின் ரோடு நாலு வீடு தள்ளி ஓடுகிறது என்பதை எல்லாம் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எதிர்ப்பக்கம் வணிகமாகவும் உங்கள் பக்கம் குடியிருப்பாகவும் கோடு போயிருக்கலாம். பட்டா நகலும் புலப்பட நகலும் எடுத்துக்கொண்டு போய் நில உபயோகச் சான்று கேளுங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், எழுத்தில் வந்துவிடும்.

ஆனையூருக்கு மட்டும் இன்னொரு சிக்கல். 2011-ல்தான் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளையும் திருநகர், விளாங்குடி, ஆர்வீபட்டி பேரூராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 72 வார்டு 100 வார்டு ஆனது. அதற்கு முன் கட்டிய வீட்டுக்கு அனுமதி கொடுத்தது பழைய உள்ளாட்சி. அந்தக் கோப்பு இப்போது எந்த மண்டல அலுவலகத்தின் எந்த பீரோவில் இருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆகவே ஓனரிடம் இருக்கும் பழைய அனுமதிப் பிளானை முதலில் கையில் வாங்குங்கள். சில பழைய பிளான்களில் முன்னறையை "கடை" என்றே குறித்திருப்பார்கள். அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது. மனைப்பிரிவு வரைபடத்தையும் பாருங்கள், கடைக்கென்று ஒதுக்கிய மனைகள் இருக்கும்.

ஆனையூர்_மாவு | செவ்வாய், காலை 9:20

ரொம்ப நன்றி சார். நோட்டீஸில் 1971 சட்டம்தான் போட்டிருக்கிறது. பிளான் ஓனரின் அண்ணனிடம் இருக்கிறதாம், கேட்டிருக்கிறோம்.

பின்வீட்டு_ரிட்டயர்டு | செவ்வாய், காலை 10:05

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். மனுக் கொடுத்தவர் பக்கம் நான் பேசுகிறேன்.

நான் இருப்பது கே.கே.நகர். எங்கள் பின்வீட்டில் சமையல் கான்ட்ராக்ட். முகூர்த்த நாள் என்றால் இரவு இரண்டு மணிக்கு அண்டாவை இழுத்துப் போட்டுத் தேய்ப்பார்கள். சிமெண்ட் தரையில் அலுமினிய அண்டா நகர்கிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் குட்டி யானை வண்டி, எங்கள் கேட்டைத் திறக்க முடியாது. பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் படலம் இறுகி நிற்கும், அடைத்துக்கொண்டு எங்கள் பாத்ரூமில் வந்து பொங்கும். மாடிப்படிக்குக் கீழே சிலிண்டர் வரிசை. நாலு தடவை நயமாகச் சொன்னோம். "நாங்களும் பிழைக்க வேண்டாமா அய்யா" என்றார்கள். பிழைக்கட்டும், ஆனால் அவர்கள் பிழைப்பதற்கு நாங்கள் தூக்கத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நீங்கள் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன், அம்மா. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு இரண்டு கிரைண்டர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குக் காலை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு அது ராத்திரி.

ஜிகர்தண்டா | செவ்வாய், காலை 10:11

அய்யா, மாவுக்கடையும் கல்யாணச் சமையலும் ஒன்றா?

பின்வீட்டு_ரிட்டயர்டு | செவ்வாய், காலை 10:30

ஒன்றில்லை. ஆனால் சமையல் கான்ட்ராக்டும் ஒரு காலத்தில் ஒரே அடுப்பில்தான் ஆரம்பித்தது. தெருவில் இருப்பவர்களுக்கு எங்கே நிற்கும் என்று தெரியாதே.

பழைய_வரைவாளர் | செவ்வாய், காலை 11:15

ரிட்டயர்டு அய்யா சொல்வதில் சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. ஐந்து மணிக்குப் போடுகிற கிரைண்டர் இரவுக் கணக்கில் விழுகிறது. மாவு அரைக்கிற நேரத்தை ஆறுக்கு மேல் தள்ளினால் மனுவின் பாதி பலம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

ஆனையூர்_மாவு | செவ்வாய், மதியம் 1:40

ஐந்து மணிக்குப் போட்டால்தான் ஒன்பது மணிக்குள் கடைக்குப் போகும் சார். ஆனால் முதல் நாள் சாயங்காலமே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம், புளிப்பு ஏறாது. யோசிக்கிறோம்.

ரிட்டயர்டு அய்யாவுக்கு: கோபம் இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். அவர்கள் எங்களிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் மனக்குறை.

வயர்மேன்_ஓய்வு | செவ்வாய், மாலை 6:25

நோட்டீஸைவிட ஈ.பி.தான் சீக்கிரம் கையைக் கடிக்கும். அதைக் கவனியுங்கள்.

வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. அனுமதித்த காரியத்துக்கு இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது என்று கணக்கு. உரிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நாளிலிருந்து. தெரியாவிட்டால் ஆய்வு செய்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும். உங்கள் தொழில் ஆறு ஏழு மாதமாகத்தான் நடக்கிறது என்றால் அதற்கு ஆதாரம் காட்டுங்கள். உணவுப் பதிவின் தேதி, கிரைண்டர் வாங்கிய பில், வாடகை ஒப்பந்தத் தேதி எல்லாம் உதவும். முதலில் வருவது தற்காலிகக் கணக்கீடு. அதற்கு ஆட்சேபம் எழுதலாம், எழுதியே ஆக வேண்டும். இறுதி ஆணை வந்த பிறகு 30 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம், ஆனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

பலரும் செய்வது, மொத்த இணைப்பையும் கடை விகிதத்துக்கு மாற்றிவிடுவது. அவசரப்படாதீர்கள். மாற்றினால் வீட்டுக்கு வரும் இலவச யூனிட் போகும், ஃபேன் லைட் எல்லாம் கடை விகிதத்தில் ஓடும். தொழில் அறையை வயரிங் தனியாகப் பிரித்து, கதவும் தனியாக இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் தனி இணைப்பு கேட்கலாம். சின்ன மோட்டார் வைத்து உற்பத்தி செய்கிற குறுந்தொழிலுக்குத் தனி விகிதம் இருக்கிறது, கடை விகிதத்தைவிடக் குறைவு. உங்கள் உத்யம் சான்று அங்கே கை கொடுக்கும். பிரிவு அலுவலகத்தில் "குறுந்தொழில் விகிதம்" என்று வாய் விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் கடை விகிதத்தில் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: வக்கீல், டாக்டர் போன்றவர்கள் வீட்டோடு சேர்ந்த ஆலோசனை அறை 200 சதுர அடி வரை வீட்டு விகிதத்திலேயே வரும். கைத்தறி வீட்டில் ஓடினாலும் அப்படித்தான், அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் வேறு. மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சுங்குடி_செல்வி | செவ்வாய், இரவு 8:50

கைத்தறி என்றதும் வந்தேன். எங்கள் வீட்டிலும் தொழில் நடக்கிறது, சுங்குடிச் சேலை. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மதுரைச் சுங்குடிதான். எங்களுக்கு இந்தப் பிரச்சினை பாதிதான் வரும், ஏன் என்று சொல்கிறேன்.

முடிச்சுப் போடுவது வீட்டு வேலை. துணியை மடியில் போட்டுக்கொண்டு, புள்ளி வைத்த இடத்தில் நகத்தால் துணியை முளை மாதிரி இழுத்து, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், சத்தம் இல்லை, கரண்ட் இல்லை. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து செய்தாலும் எந்தப் பக்கத்து வீடும் மனுக் கொடுக்காது. பிரச்சினை சாயம் போடுகிற இடத்தில். சாயத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரும். அது வீட்டில் செய்கிற வேலையே இல்லை. எங்கள் மாமனார் காலத்தில் கொல்லையில் தொட்டி வைத்துச் செய்தார்கள். இப்போது நாங்கள் முடிச்சு மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறோம், சாயம் வெளியே.

அதையே நீங்களும் யோசிக்கலாம் அக்கா. அரைப்பது மட்டும்தான் உங்கள் தலைவலி. பாக்கெட் போடுவது, பொடி சலிப்பது, தெருவுக்கு விற்பது எதற்கும் யாரும் வரமாட்டார்கள். அரைப்பதை மட்டும் வேறு இடத்தில் வைக்க முடியுமா?

வக்கீல்_குமாஸ்தா | புதன், காலை 7:30

செல்வி சொன்னது நல்ல யோசனை. நான் பேப்பர் விஷயத்தைச் சொல்கிறேன்.

நோட்டீஸுக்குக் கெடு முடிவதற்குள் பதில் போக வேண்டும். பதில் இல்லை என்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அடுத்த கட்டத்தில் பூட்டி முத்திரை வைக்கிற அதிகாரமும் இருக்கிறது. பதிலை ஓனர்தான் கொடுக்க வேண்டும், நோட்டீஸ் அவர் பெயருக்கு. நீங்கள் எழுதி அவர் கையெழுத்துப் போடட்டும். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், முடியாவிட்டால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

என்ன எழுதுவது? கெஞ்சல் வேண்டாம், வம்பும் வேண்டாம். கட்டடத்தின் பெரும்பகுதி குடியிருப்பாகவே இருக்கிறது. தொழில் செய்பவர் அங்கேயே குடியிருக்கிறார். தொழிலுக்குப் பயன்படும் பரப்பு இவ்வளவு சதுர அடி. இயங்கும் நேரம் இது. உணவுப் பதிவு எண் இது. மோட்டார் திறன் இவ்வளவு. சரி செய்ய எடுத்த நடவடிக்கை இவை. கூடவே நில உபயோகச் சான்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம், அது வரும்வரை கால அவகாசம் வேண்டும் என்று ஒரு வரி. எதிர்வீட்டு ஹார்டுவேர் கடையைப் பற்றி எழுதாதீர்கள். அடுத்தவன் செய்கிறானே என்பது சட்டத்தில் பதில் ஆகாது, எதிர்வீட்டுக்காரரும் உங்களுக்கு எதிரியாவார்.

வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். "குடியிருப்புக்கு மட்டும்" என்று இருந்தால், 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகலாம். ஓனர் நல்லவர் என்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். முன்னறையைச் சிறுதொழிலுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடை_வேலு | புதன், காலை 8:15

இடையில் ஒரு சந்தேகம். நான் ஒத்தக்கடைப் பக்கம், கிராம ஊராட்சி. சொந்த மனையில் வீடு கட்டப் போகிறேன், கீழே வெல்டிங் பட்டறை, மேலே வீடு. ஊராட்சிதானே, இந்த மண்டலம் எல்லாம் மாநகராட்சிக்குள்தானே?

பழைய_வரைவாளர் | புதன், காலை 9:00

இல்லை தம்பி. மாநகராட்சி எல்லையும் முழுமைத் திட்டத்துக்குள் வருகிற திட்டப் பகுதியின் எல்லையும் ஒன்றில்லை. மதுரையைச் சுற்றிப் பல ஊராட்சிகள் திட்டப் பகுதிக்குள் வருகின்றன. உங்கள் புல எண்ணுக்கும் நில உபயோகம் குறித்திருப்பார்கள். விவசாயம் என்று இருந்தால் வீட்டுக்கே தகராறு.

அப்புறம், 2024 ஜூலையில் சுயசான்று அனுமதி வந்ததே, 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், ஆன்லைனில் உடனே அனுமதி. அது வீட்டுக்கு மட்டும். அதில் வீடு என்று அனுமதி எடுத்துவிட்டுக் கீழே வெல்டிங் போட்டால், தவறான சான்று கொடுத்தது நீங்களே என்றாகிவிடும். அதைச் செய்யாதீர்கள். வெல்டிங் குடியிருப்பு நடுவில் ஆகிற தொழில் இல்லை. புதூர் சிட்கோ, கப்பலூர் சிட்கோ மாதிரி அரசுத் தொழிற்பேட்டையில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஒத்தக்கடை_வேலு | புதன், காலை 9:12

சிட்கோ வாடகைக்கு நான் எங்கே போவேன் அண்ணே. சரி, முதலில் புல எண்ணைப் பார்க்கிறேன்.

ஜிகர்தண்டா | புதன், காலை 9:40

இதுதான் என் வயிற்றெரிச்சல். சிட்கோவில் ஷெட் எடுக்கிற வசதி இருந்தால் எவன் வீட்டில் தொழில் செய்யப் போகிறான்? வீட்டு வாசலிலேயே பிழைக்கிற ஊர் இது. விதி எழுதியவர் வேறு ஏதோ ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

பின்வீட்டு_ரிட்டயர்டு | புதன், காலை 10:20

பழைய ஊரில் தொழில் நடந்த தெரு தனி, தம்பி. எழுத்தாணிக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று பெயரே சொல்லும். அங்கே குடியேறுபவனுக்குச் சத்தம் வரும் என்று தெரியும். கே.கே.நகரில் மனை வாங்கியவன் குடியிருப்பு என்று சொல்லி விற்றதை நம்பிக் காசு போட்டான். அந்த நம்பிக்கைக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா?

சுங்குடி_செல்வி | புதன், காலை 10:45

அய்யா சொல்வதும் சரி, ஜிகர்தண்டா சொல்வதும் சரி. ஆனால் அந்தத் தெருக்களில் இப்போது வாடகை என்ன என்று கேட்டுப் பாருங்கள். என் மாதிரி ஆள்கள் ஊர் ஓரத்துக்குப் போனது ஆசைப்பட்டு இல்லை. பெண்கள் வீட்டில் இருந்தே சம்பாதிக்கட்டும் என்று மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள், சுயஉதவிக்குழுவில் கடனும் கொடுக்கிறார்கள். அந்தக் கடனில் வாங்கிய கிரைண்டரை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஆடிட்டர்_தம்பி | புதன், மதியம் 12:30

செல்வி அக்காவின் கடைசி வரியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

நடைமுறையில் ஒன்று சேர்க்கிறேன். முன்னறைக்கு மட்டும் சொத்து வரியை வணிக விகிதத்துக்கு மாற்றச் சொல்லி ஓனர் விண்ணப்பிக்கலாம். வரி கூடும், அந்தக் கூடுதலை நீங்கள் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் வணிக வரி கட்டிவிட்டோம், ஆகவே அனுமதி வந்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். வரி வாங்குகிற பிரிவு வேறு, அனுமதி கொடுக்கிற பிரிவு வேறு. வருஷக்கணக்கில் வணிக வரி கட்டிய கட்டடத்துக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது.

சிலிண்டர் எது வைத்திருக்கிறீர்கள்? பொடிக்கு வறுப்பது வீட்டு அடுப்பில் என்றால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தியது தனிக் குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு மாறுங்கள். இதற்கு மண்டலம் கிண்டலம் எதுவும் கிடையாது, ஏஜென்சியில் கேட்டால் கொடுப்பார்கள்.

ஆனையூர்_மாவு | ஞாயிறு, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

பிளான் கிடைத்துவிட்டது. பழைய நகராட்சி முத்திரை. முன்னறையில் "கடை" என்று இல்லை, "வராந்தா" என்று இருக்கிறது. ஆக அந்த வழி இல்லை. புல எண்ணுக்கு நில உபயோகச் சான்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். பதிலை வக்கீல் குமாஸ்தா அண்ணன் சொன்ன மாதிரி எழுதி, ஓனர் கையெழுத்தோடு கொடுத்து முத்திரை வாங்கியாயிற்று.

பக்கத்து வீட்டுக்கு என் நாத்தனார் போய்ப் பேசினார். சத்தம் காற்றில் போனால்கூடப் பரவாயில்லை, தரை அதிர்கிறது, குழந்தையின் தொட்டில் கம்பியில் கை வைத்தால் தெரிகிறது என்றார்களாம். கிரைண்டர் இரண்டும் பொதுச்சுவரை ஒட்டி நின்றது. இப்போது அந்தச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் நகர்த்தி, கீழே கனமான ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறோம். அரைப்பது சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை வரை. மனுவை வாபஸ் வாங்குவதாகச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மனு கொடுக்கமாட்டேன் என்றார்கள்.

கடைகளுக்குப் போடுகிற மாவை மட்டும் தெரிந்தவருடைய ரைஸ் மில்லில் அரைத்து வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். செல்வி சொன்னதிலிருந்து வந்த யோசனைதான். கூலி போக என்ன நிற்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஈ.பி. தற்காலிகக் கணக்கீடு வந்துவிட்டது, 12 மாதத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கிரைண்டர் பில்லோடு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். தனி இணைப்புக்கு ஒரு கேள்வி: ஓனர் சம்மதக் கடிதம் வெள்ளைத்தாளில் போதுமா, முத்திரைத்தாள் வேண்டுமா? ஓனருக்கு முத்திரைத்தாள் என்றாலே பயம்.

வயர்மேன்_ஓய்வு | திங்கள், காலை 6:10

கடிதத்தோடு சொத்து வரி ரசீதும் ஓனர் ஆதார் நகலும் வையுங்கள். முத்திரைத்தாள் கேட்கிறார்களா என்று பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எழுதுங்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது. கேட்டால், இணைப்பு வாடகைதாரர் பெயரில், பாக்கி வந்தால் அவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரியைப் படித்துக் காட்டினால் ஓனர் பயமில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

மெயின் சுவிட்ச் தனியாக, எர்த் தனியாக இருக்க வேண்டும். கிரைண்டர் நிற்பது ஈரத்தரை, எர்த் கசிவுத் தடுப்பானும் போட்டுவிடுங்கள். வயரிங் ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், கூடல்நகரில் நம்ம பையன் ஒருவன் இருக்கிறான்.